சமையல் குறிப்பு போதும், ஒரு வாரத்துக்குத் திட்டம் போடச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் பல வருஷமாக வாங்குகிறோம். வாரத்தில் ஒருநாள் வரும் பெண்கள் இணைப்பில் ஒரு சமையல் பக்கம் போடுகிறீர்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பனீர் வைத்து ஒன்று, காளான் வைத்து ஒன்று, சீஸ் தூவி ஒன்று என்று வாராவாரம் நாலைந்து குறிப்பு வருகிறது, படமும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துச் சமைக்கிற வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாருக்கும் சமைக்கத் தெரியாமல் இல்லை. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எல்லாம் பத்து வயதிலேயே பார்த்துப் பழகியதுதான். ஏழு நாளைக்கு, கையில் இருக்கிற காசுக்குள், உடம்புக்கும் நல்லதாக, வேலைக்குப் போய் வந்த களைப்பிலும் செய்ய முடிகிற மாதிரி முன்கூட்டியே யோசித்து வைப்பது எப்படி என்பதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மன்னார்குடியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பஸ் பிடித்து ஊர் வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "இன்னிக்கு என்ன செய்யறது" என்று யோசிக்க ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டிலேயே பரோட்டா பார்சல் வாங்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் மாவு பாக்கெட், அதுவும் இல்லாவிட்டால் மத்தியானச் சோற்றில் ரசத்தை ஊற்றி ஒரு அப்பளம். நடவு, களையெடுப்பு நாட்களில் விடிவதற்குள் வயலுக்குக் கிளம்புகிற பெண்களின் பாடு இதைவிடக் கஷ்டம், காலையில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி வரை குனிந்த முதுகு நிமிராமல் நிற்கிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவளுக்கு அந்த நேரத்தில் யோசிக்கத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான். என்ன சமைப்பது என்று முன்னாடியே முடிவாகியிருந்து, பயறும் ஊறியிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பேப்பரிலேயே செய்தி வருகிறது. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! நெல்லும் உளுந்தும் வாழையும் விளைகிற ஊரில், கொல்லையில் முருங்கை மரம் நிற்கிற ஊரில், பெண்களுக்கு ரத்தம் இல்லை என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுப்பதைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். அதோடு தட்டில் என்ன விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் ஒரு நாளில் சாப்பிட வேண்டியது அரிசி, கோதுமை, கம்பு, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு பயறு அல்லது அதற்குப் பதில் முட்டை மீன் கறி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. இந்தக் கணக்கை ஒருதடவை நம் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பருப்பு வகை மட்டும் ஒரு நாளைக்கு 340 கிராம், மாதம் பத்துக் கிலோ. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் குறையும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பு ஒரு கிலோ. மீதி ஒன்பது கிலோ எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. அரிசி கேள்வியே இல்லை, அது ரேஷனில் இலவசமாகவும் வருகிறது, வயலிலிருந்தும் வருகிறது. அதனால்தான் தட்டு முழுக்கச் சோறாக இருக்கிறது. காய் பாருங்கள், கணக்குப்படி நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும், நாம் அரைக் கிலோ கத்தரிக்காயைச் சாம்பாருக்குப் பாதி, பொரியலுக்குப் பாதி என்று பிரித்து ஒப்பேற்றுகிறோம்.

அந்த ஒன்பது கிலோவுக்கு நம் டெல்டாவிலேயே பதில் இருக்கிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம், பங்குனியில் எடுக்கிறோம். எடுத்த கையோடு மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டுவிட்டு, ஆடி மாதம் மளிகைக்கடையில் அதே உளுந்தைப் பாக்கெட்டில் வாங்குகிறோம். கடன் நெருக்குகிறது, அதனால் விற்கிறோம், எனக்கும் தெரியும், எங்கள் வீட்டிலும் குத்தகை நிலம்தான். ஆனால் வருஷத்துக்கு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருதடவை அளந்து பார்த்து அந்த அளவை மட்டும் நன்றாகக் காயவைத்து டின்னில் போட்டு மேலே வேப்பிலை போட்டு மூடி வைத்தால் மிச்சத்தை விற்பதில் ஒரு தடையும் இல்லை. எவ்வளவு வேண்டும் என்பது தெரியாததால்தான் எல்லாமே போய்விடுகிறது.

திட்டம் போட்டுச் சமைப்பது பட்டணத்துக்காரர்கள் டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கிவைக்கிற விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் போய்ப் பாருங்கள், கிழமை வாரியாக என்ன சமைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது நம் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில், 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி. அதிலும் திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று பட்டியல் உண்டு. பட்டியல் இருப்பதால்தான் நூறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில், வீணாகாமல், கணக்குத் தவறாமல் சமைக்க முடிகிறது. வீட்டிலும் பாதித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனிக்கிழமை என்று காலண்டரைப் பார்த்துத்தானே கறி மீன் எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிறோம்? மற்ற நாட்களையும் அதே காலண்டரில் எழுதிவிட்டால் முடிந்தது.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் அப்படித்தான் ஆரம்பித்தோம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், முந்தின வாரம் அவரவர் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று எழுதச் சொன்னோம், வேறொன்றும் இல்லை. பெரும்பாலான தாளில் மூன்று வேளையும் அரிசிதான், காய் மத்தியானம் மட்டும், கீரை வாரத்தில் ஒருநாள் இருந்தால் அதிகம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் அது கண்ணுக்கே தெரிந்தது. அடுத்த தாளில் வரப்போகிற வாரத்தை எழுதினோம்.

எப்படி எழுதினோம் என்று சொல்கிறேன், உங்கள் வாசகர்களுக்கும் உதவும். முதலில் காய். எந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்பதை வைத்துத்தான் வாரத்தை அடுக்க வேண்டும். சந்தையிலிருந்து வந்த அன்றும் மறுநாளும் கீரை, வாழைப்பூ, புடலங்காய் தீர்ந்துவிட வேண்டும். அப்புறம் வெண்டைக்காய், கத்தரிக்காய், கொத்தவரங்காய். வாரக் கடைசிக்குப் பரங்கிக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் மாதிரி நின்று தாங்குகிறவை. சனிக்கிழமை கூடையில் மிஞ்சியிருக்கிற காய் எல்லாவற்றையும் போட்டுக் கதம்பச் சாம்பார் வைத்துவிட்டால் கூடை காலி, ஒன்றும் குப்பைக்குப் போகாது. இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டாலே காய்கறிச் செலவு குறைவதைப் பார்க்கலாம், ஏனென்றால் நம் பணம் அதிகம் போவது வாடிப்போய்க் கொட்டுகிற காயில்தான்.

அடுத்தது பயறு. ராத்திரி படுக்கப் போகும்முன் மறுநாளைக்கு உள்ளதை ஊறப்போட வேண்டும், இது ஒன்றுதான் தினசரி வேலை. ஒருநாள் தட்டைப்பயறு, கத்தரிக்காயோடு குழம்பு. ஒருநாள் பச்சைப்பயறு கடையல். ஒருநாள் கொண்டைக்கடலை, பாதி குழம்புக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சாயங்காலச் சுண்டல். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்துவிட வேண்டும், பயறிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்து அப்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். அதே காரணத்துக்காகத்தான் சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கக் கூடாது, அது இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். கும்பகோணம் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் கொஞ்சம் அதிக வேலை. இட்லி மாவு அரைத்துவிட்டால் முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கொஞ்சம் புளித்ததும் வெங்காயமும் கேரட்டும் போட்டு ஊத்தப்பம். முருங்கைக்கீரையை ஆய்வதற்குள் விரல் தேய்ந்துவிடும் என்றுதான் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. கொத்தாக ஒடித்து வந்து ஒரு பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள், காலையில் உதறினால் இலை தானாக உதிர்ந்துவிடும், காம்பைப் பொறுக்கிப் போட்டால் போதும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் செய்து வைத்தால் அவசரத்துக்குக் கைகொடுக்கும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, கொள்ளுப்பொடி இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். இதில் எதற்கும் புதிதாக ஒரு சாமான் வாங்க வேண்டியதில்லை.

மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்கென்று தனியாகச் சமைக்க ஆரம்பித்தால் இரண்டு வேலை, அவருக்கும் மனசு சங்கடப்படும். அதனால் எல்லோருக்கும் ஒரே சமையல், தட்டில் வைக்கிற அளவுதான் மாற்றம். முதலில் காயும் கூட்டும் வைத்துவிட்டு அதற்கப்புறம் சோறு வைக்கிறோம். இரவில் சோற்றுக்குப் பதில் கேழ்வரகு அடை, இல்லாவிட்டால் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை. நெல் விளைகிற மண்ணில் சோற்றைக் குறை என்று சொன்னால் பெரியவர்களுக்கு என்னமோ போல இருக்கும், அதனால் குறை என்று சொல்லாமல் காயைக் கூட்டிவிட்டால் சோறு தானாகக் குறைகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சமைத்து வைப்பது வேறு, முன்கூட்டியே தயார் செய்து வைப்பது வேறு. நம் ஊர் வெக்கையில் சமைத்த சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொண்டு நாள் கடத்தவே கூடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் அரிசி வெந்தாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மத்தியானம் வடித்த சோற்றை இரவு தாளித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. ஃபிரிட்ஜ் இருந்தால் ஆறியவுடன் சின்னப் பாத்திரங்களில் பிரித்து வைக்கலாம், எடுத்ததைக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணி ஒரே வேளையில் தீர்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் நாள் முழுக்கப் போய்விடுகிற ஊர்களில் ஃபிரிட்ஜையும் நம்பக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு ஊறவைத்த பயறு, பொடி வகை, ஆய்ந்த கீரை, வற்றல் இவைதான் முன்தயாரிப்பு. அதுவே போதும், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா இருக்கிறார், தினக்கூலிக்குப் போகிறவர். "காசு கையில வந்தப்புறம்தான் கடைக்கே போறோம், இதுல வாரக் கணக்கு எங்க போடறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் எழுதுகிற எந்தச் சமையல் பக்கமும் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. வாரத்துக்கு மொத்தமாக வாங்கு என்று அவரிடம் சொல்ல முடியாது. ஆனால் வாரத்துக்கு மொத்தமாக யோசிக்கலாம். நாளைக்குக் கீரை, நாளன்னைக்கு முட்டை என்று தெரிந்திருந்தால் அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு உள்ளதை வாங்கிக்கொள்ளலாம், கடையில் போய் நின்று கண்ணில் பட்டதை எல்லாம் வாங்க மாட்டோம். ஒரு முட்டை விலை ஒரு பரோட்டாவை விடக் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் வருகிற மத்தியும் நெத்திலியும் பெரிய மீனை விட மலிவு, நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். பருப்பு மட்டும் ரேஷன் போடுகிற அன்று விடாமல் வாங்கிவிட வேண்டும் என்று பெரியம்மா இப்போது தேதி வைத்திருக்கிறார்.

அப்புறம் இன்னொன்று. இதை எல்லாம் எழுதும்போது தயவுசெய்து "இல்லத்தரசிகளே" என்று ஆரம்பிக்காதீர்கள். வேலைக்கும் போய்விட்டு, வாரத் திட்டமும் போட்டு, சந்தைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை மாவும் அரை என்றால் அது பெண்கள் தலையில் ஏற்றுகிற இன்னொரு சுமைதான். எங்கள் வீட்டில் உழவர் சந்தைக்குப் போவது என் வீட்டுக்காரர். காலையில் சீக்கிரம் போனால்தான் நல்ல காய் கிடைக்கும், அவருக்கு அந்த நேரம் தோதுப்படும். பெரிய பையன் பயறு ஊறப்போடுவான், எது என்று காலண்டரில் எழுதியிருப்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எழுதி மாட்டியிருக்கிற திட்டத்தில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அது வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது, என் தலைக்குள் மட்டும் இல்லை.

இப்போது நான் கேட்பது. தினமும் காய்கறி விலை போடுகிறீர்கள், அது நல்ல சேவை. அதோடு சனிக்கிழமை இதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். அந்த வாரம் சந்தையில் எது மலிவு, ரேஷனில் என்ன கிடைக்கும், இரண்டையும் வைத்து நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரச் சாப்பாடு, கடைசியில் மொத்தச் செலவு எவ்வளவு. அந்த மொத்தத் தொகையைக் கட்டாயம் போட வேண்டும், அது இல்லாவிட்டால் படித்துவிட்டு மூடிவைத்துவிடுவோம். நீடாமங்கலத்திலும் நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கல் ஊரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமே இருக்கிறது, அங்கே விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துப் போடலாம். சென்னைக்கும் எங்களுக்கும் ஒரே பட்டியல் சரிப்படாது. எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும், அந்த இரண்டு மாதமும் பங்குனியில் எடுத்த பயறும் முட்டையும்தான். அதே வெயிலில்தான் கத்தரி வற்றலும் மணத்தக்காளி வற்றலும் போட்டாக வேண்டும். அறுப்புக் காசு கையில் இருக்கிற தை, மாசி வேறு, நடவுக்குக் கடன் வாங்கியிருக்கிற ஆவணி வேறு.

ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்கினால் நன்றாக இருக்கும். கார்த்திகை வரைக்கும் வயலில் தண்ணீர் நிற்கும், கூலி வேலை இருக்காது, தக்காளியும் கீரையும் விலை ஏறிவிடும், வீட்டில் காசும் குறைவாக இருக்கிற சமயம் அதுதான். எங்கள் குழுவில் எழுதி வைத்திருக்கிற காலண்டர் தாள்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறோம். விலையை மட்டும் அந்தந்த வாரத்துக்கு நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.